செக்கடியில் மலர்ந்த சிந்தனை

மனித வாழ்க்கை என்றும் ஒரே சீராக ஓடும் ஆறு அன்று. சில காலம் அது தெளிந்த நீரும் குளிர்ந்த கரையுமாய் அமைதியுடன் செல்லும். சில காலம் வெள்ளம் பெருகிக் கரையை உடைத்துக் கண்டதையெல்லாம் வாரிக்கொண்டு போகும். பல்லாண்டு முயன்று கட்டியது ஒரே நாளில் சரிவதும், நேற்று உடனிருந்தவர் இன்று விலகுவதும், நாளை நேர்வது இன்னதென அறியாமல் உள்ளம் கலங்குவதும் அக்காலத்தின் இயல்புகள். அத்தகைய குழப்பத்தினிடையே மனிதன் தன்னை இழந்துவிடாமல் இருத்தல் கூடுமா? இருப்பதோடு அமையாமல் வளர்தலும் கூடுமா? இவ்வினாக்களுக்கு விடையாக விளங்குவது வ. உ. சிதம்பரனாரின் சிறை வாழ்க்கை.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். தூத்துக்குடியில் தொழில் நடத்தி நற்பெயர் பெற்றார். அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நிகழ்ந்த கடல் வாணிகம் ஆங்கிலக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. முன்னாளில் கடலை ஆண்ட தமிழர், தம் கடலிலேயே பிறர் கப்பலுக்குக் கூலி கொடுத்துச் செல்வதா என்று அவர் உள்ளம் வருந்தியது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி தோன்றியது. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என 10 இலட்சம் ரூபாய் அதன் மூலதனமாகக் குறிக்கப்பட்டது. பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. தமிழன் விட்ட கப்பலில் தமிழன் ஏறிச் சென்றான்.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தூத்துக்குடிப் பஞ்சாலைத் தொழிலாளர் குறைந்த கூலியும் நீண்ட வேலை நேரமும் தாங்காமல் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஆலையார் இணங்கினர், தொழிலாளர் வென்றனர். கப்பலையும் கூலியாளையும் ஒருங்கே தட்டி எழுப்பிய இம்மனிதரை இனியும் வெளியே விட்டுவைத்தல் ஆகாது என அரசாங்கத்தார் கருதினர். அவ்வாண்டு மார்ச்சு மாதம் 12ஆம் நாள் சிதம்பரனார் சிறைப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன.

ஜூலை மாதத்தில் நீதிபதி பின்ஹே தீர்ப்புரைத்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனை. ஒரு மனிதனுக்கு இரண்டு ஆயுளா என நாடு திகைத்தது. அச்செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டதெனினும், சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையிலும் பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும் நாலரை ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்.

மாணவர்காள்! அவர் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது 35. நேற்று வரை நீதிமன்றத்தில் வாதாடியவர் இன்று குற்றவாளிகளுள் ஒருவர். கோவைச் சிறையில் அவர் கையில் முதலில் சணல் கிழிக்கும் எந்திரம் தரப்பட்டது. கைத்தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர், மாடு பூட்ட வேண்டிய செக்கில் மனிதரைப் பூட்டினர். உச்சி வெயிலில் செக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார் அவர். இரும்புக் கதவுக்கு அப்பால் அவர் கட்டியவை ஒவ்வொன்றாய்ச் சரிந்துகொண்டிருந்தன. 1911ஆம் ஆண்டில் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தப் போட்டியை எதிர்த்து அவர் கப்பல் விட்டாரோ, அந்தப் போட்டியாளரிடமே கப்பல் விற்கப்பட்டது. அது கேட்டு அவர் அடைந்த துயரம் செக்கிழுத்த துயரினும் பெரிது.

இங்ஙனம் புறத்தே எல்லாம் அழிந்தபோது அகத்தே அவர் செய்தது என்ன? அதுவே நாம் கருத்தூன்றிக் காண வேண்டுவது.

முதலாவதாக, அவர் படிப்பை விடவில்லை. கைக்கு வேலை உண்டு. காலுக்குத் தளை உண்டு. கருத்துக்குத் தளையிட யாராலும் இயலாது என்பதை அவர் உணர்ந்தார். ஓய்வு என்று கிடைத்த சிறு பொழுதுகளைத் திருக்குறள் முதலிய நூல்களுக்கு அளித்தார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலொன்றை 'மனம் போல வாழ்வு' என்னும் பெயரால் தமிழாக்கினார். அது 1909ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்போது அவர் சிறையில் இருந்தார். மனிதனின் எண்ணங்களே அவன் குணத்தையும் வாழ்வையும் உருவாக்குகின்றன என்பது அந்நூலின் கருத்து. செக்கில் பூட்டப்பட்டவர்க்கு இக்கருத்து நகைப்பாகத் தோன்றாதோ என நீங்கள் வினவலாம். அவரைச் செக்கில் பூட்டியது அவர் எண்ணம் அன்று, அரசாங்கத்தின் ஆணை. ஆயினும், செக்கடியில் நின்றவர் கசந்து கருகிய மனிதராய் நிற்பதா, கற்றுத் தெளிந்த மனிதராய் நிற்பதா என்பதை முடிவு செய்தது அவர் எண்ணமே அன்றோ? புறநிலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பறிக்கப்பட்ட போதும், அகநிலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவரிடம் எஞ்சி நின்றது.

இரண்டாவதாக, அவர் தம் துன்பத்தையே நினைந்து தமக்குள் ஒடுங்கிவிடவில்லை. கண்ணனூர்ச் சிறையில் அவரோடு இருந்த கைதிகள் பலர் வாழ்வில் வழி தவறியவர்கள். அவர்களை இழிவாக எண்ணி ஒதுங்காமல், அவர்க்கு நல்லறிவு கூறுதலைத் தம் கடமையாகக் கொண்டார். அவ்வறிவுரைகளே 'மெய்யறிவு' என்னும் வெண்பா நூலாக வடிவெடுத்தன. பிறருக்குப் பயன்படும் ஒரு பணி கிடைத்தவுடன் சிறைக்கோட்டம் கல்விக்கூடமாயிற்று. திருக்குறளை அடியொற்றி அவர் இயற்றிய மற்றொரு நூல் 'மெய்யறம்'. அது 125 அதிகாரங்களை உடையது. அவற்றுள் முதற்கண் வைக்கப்பட்டது மாணவரியல். நாளைய உலகைக் காணும் பேறு தமக்கு உண்டோ இல்லையோ என்றிருந்த வேளையிலும், நாளைய உலகை ஆளும் மாணவரை அவர் மறக்கவில்லை.

1912ஆம் ஆண்டு டிசம்பரில் சிறைக்கதவு திறந்தது. கதைகளில் வருவதுபோல், துன்பம் அன்றோடு தொலைந்துவிட்டதா? இல்லை. அவரை எதிர்கொள்ள வந்தவர் மிகச் சிலரே. கப்பல் இல்லை, பொருள் இல்லை, வழக்கறிஞர் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் குடியேறிச் சில்லறை வாணிகம் செய்தும் வறுமையோடு போராடினார். பின்னர், வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் இழந்த உரிமையை மீண்டும் பெற்றார். நன்றி மறவாத சிதம்பரனார் தம் மைந்தர் ஒருவர்க்கு வாலேசுவரன் எனப் பெயர் சூட்டினார். ஆங்கில ஆட்சியால் செக்கிழுத்தவர் ஓர் ஆங்கிலேயர் செய்த நன்மையைத் தம் இல்லத்திலேயே நிலைநாட்டினார். கொடுமையைப் பகைத்தாரேயன்றி மனிதரைப் பகைத்தாரில்லை. சிறை அவர் உள்ளத்தைச் சுருக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழ்ப்பணியும் தொடர்ந்தது. தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வரைந்த உரையைப் பதிப்பித்தார். திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் சிவஞான போதத்திற்கும் உரை எழுதினார். தம் வரலாற்றைச் செய்யுளாகப் பாடினார். 1936ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் காண விரும்பிய விடுதலை அதன்பின் பதினோராண்டு கழித்தே வந்தது.

இவ்வரலாற்றைப் படிப்போர் ஒன்றை மறத்தல் கூடாது. துன்பம் மனிதனை உயர்த்தும் என்று கூறித் துன்பத்தைப் போற்றுதல் தவறு. மனிதனைச் செக்கில் பூட்டியது அன்றும் கொடுமை, இன்றும் கொடுமையே. அக்கொடுமை பலரை முறித்திருக்கிறது. முறிந்தவரை இகழ்தல் நம் வேலையன்று. சிதம்பரனாரை உயர்த்தியது செக்கு அன்று. செக்கடியில் நின்றும் அவர் கைவிடாத கல்வியும் கடமையும் அன்புமே ஆகும்.

நம் வாழ்விலும் வெள்ளமும் புயலும் வருதல் உண்டு; நோயும் வறுமையும் பிரிவும் நேர்தல் உண்டு. அவற்றைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் நமக்கு எப்போதும் இராது. அந்நாளில், 'எனக்கு ஏன் இது நேர்ந்தது?' என்னும் ஒரே வினாவைச் சுற்றிச் சுற்றி வருதல் பயனற்ற செக்குச் சுற்றாகவே முடியும். 'இந்நிலையில் நான் கற்கக் கூடியது யாது? என் அருகிலிருப்பவர்க்குச் செய்யக் கூடியது யாது?' என்று கேட்டல் வேண்டும். இவ்விரு வினாக்களும் இருண்ட அறையில் ஏற்றிய சிறு விளக்குகள். அவை சுவரை இடிப்பதில்லை. ஆனால் அடுத்த அடி வைக்க வழி காட்டும்.

சிதம்பரனார் இழுத்த செக்கு சென்னைக் கிண்டியில் உள்ள காந்தி மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. தூத்துக்குடித் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. செக்கு அவர் பட்ட துன்பத்தைச் சொல்லும். துறைமுகம் அவர் கண்ட கனவைச் சொல்லும். இரண்டுக்கும் இடையே அவர் உள்ளம் வளர்ந்த வரலாற்றைச் சொல்வன அவர் எழுதிய நூல்களே. அவற்றைத் தேடிப் படித்தலே நாம் அவர்க்குச் செய்யும் உண்மையான வழிபாடாகும்.