டீசல் வண்டிக்கு ஏற்ற காற்று வடிகட்டி

எலுமிச்சை மூட்டைகளையும் நூல் பொதிகளையும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி, வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் பல குடும்பங்கள் கடன்பட்டு வாங்கிய பெருமுதல் ஆகும். கடன் தீருமுன் அதன் இயந்திரம் தேய்ந்துபோகாமல் காப்பவற்றுள் விலை குறைந்தது காற்று வடிகட்டி. பட்டறைகளில் ஏர் பில்டர் என்று வழங்குவது. அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

இயந்திரம் எவ்வளவு காற்றை உட்கொள்கிறது என்பதை முதலில் கணக்கிடுவோம். அது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுக்கும். 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள இயந்திரம் நிமிடத்திற்கு 2,000 முறை சுழன்றால் ஏறத்தாழ 2,500 லிட்டர் காற்றை இழுக்கிறது. மணிக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். டர்போ பொருத்திய வண்டிக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். ராஜபாளையம்–தென்காசி நெடுஞ்சாலையில் ஓடும்வரை இதனால் பெருங்கேடு இல்லை. மலையடிவாரத் தோப்புகளுக்குச் செல்லும் மண்தடத்தில், ஆனி ஆடி மேல்காற்றில், முன்செல்லும் வண்டியின் புழுதிக்குள் ஓடும்போதுதான் சோதனை.

புழுதியில் கலந்த மணல்துகள் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியும் பருமணலைவிட, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டதில் ஐந்து முதல் இருபது கூறு அளவுள்ள நுண்துகளே கொடியது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலுள்ள எண்ணெய்ப் படலத்தில் அது புகுந்து இரண்டையும் அராவிவிடும். பின்னர் வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும், ஏற்றத்தில் இழுவை குன்றும். அப்போது ஆகும் பழுதுச் செலவோடு ஒப்பிட்டால் வடிகட்டியின் விலை மிக அற்பம்.

பழைய டிராக்டர்களிலும் ஜீப்புகளிலும் எண்ணெய்த் தொட்டி வடிகட்டி இருந்தது. இயந்திரம் மெதுவாக ஓடுகையில் அதன் தடுப்பாற்றல் குறையும். இன்றைய வண்டிகளுக்கு மடிப்புக் காகித வடிகட்டியே பொதுவானது. எண்ணெய் தோய்த்த பருத்திச் சல்லாத்துணி வடிகட்டி ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், காற்று தாராளமாகப் புகும் என்பர். இழை நெருக்கம் குறைந்த துணியில் எது தாராளமாகப் புகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பொதுவாக, காற்றோடு நுண்தூசியும் காகிதத்தைவிட அதில் மிகுதியாகக் கடக்கும். எண்ணெயை அளவுக்கு மிஞ்சித் தோய்த்தால், அது புதிய வண்டிகளில் காற்றை அளக்கும் கருவியில் படிந்து கோளாறு செய்வதும் உண்டு. பந்தய வண்டிக்கு அது பொருந்தலாம். தோப்பு வண்டிக்குக் காகிதமே தக்கது என்பது நம் கருத்து.

காகித வடிகட்டி வாங்கும்போது வண்டியின் கையேட்டில் கண்ட எண்ணுக்கே வாங்குக. மடிப்புகள் ஒரே இடைவெளியில் நிற்கின்றனவா, பசை விட்டிருக்கிறதா, ரப்பர் விளிம்பை அழுத்தி விட்டால் பழைய நிலைக்கு மீள்கிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் விளிம்பே முதன்மை. காகிதம் எவ்வளவு உயர்ந்ததாயினும், விளிம்பு சரியாகப் படியாவிட்டால் காற்று அந்தச் சந்து வழியே புழுதியோடு நுழைந்துவிடும்.

வடிகட்டியை அடிக்கடி தட்டுவதும், காற்றுக் குழாயால் ஊதுவதும் சிலரது வழக்கம். புது வடிகட்டியைக் காட்டிலும் சற்றுத் தூசி படிந்ததே நுண்துகளை நன்கு தடுக்கும். படிந்த தூசியே மற்றொரு சல்லடையாகிறது. ஊதும் வேகத்தில் காகிதம் கிழியவும் கூடும். ஊதியே தீரவேண்டுமெனில், குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்புறமாக ஊதிவிட்டு, இருட்டறையில் உள்ளே விளக்கைப் பிடித்து ஊசித்துளை தெரிகிறதா என்று நோக்குக. ஒளி கசிந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். காகிதத்தை நீரில் கழுவுதல் கூடாது. உள்ளே இரண்டாவது சிறு வடிகட்டி இருந்தால் அதை ஊதாமல், கையேடு கூறும் காலத்தில் புதிதாக மாற்றுக. புழுதித் தடத்தில் ஓடும் வண்டிக்குப் பெரும்பாலான கையேடுகள் குறைந்த கிலோமீட்டரைத் தனியே குறித்துள்ளன. நம் வண்டிகள் பலவும் அவ்வகையைச் சேர்ந்தவையே.

வடிகட்டியைக் கழற்றும்போதெல்லாம், அதிலிருந்து இயந்திரத்துக்குச் செல்லும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். துணியில் புழுதி ஒட்டினால், விளிம்போ, கிளிப்போ, குழாயின் வெடிப்போ காற்றை விடுகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் வண்டியைத் தோப்புக்கு அனுப்பலாகாது.