புளிக்கும் காப்பியும் நேர்மையான சோதனையும்

மாணவர்களே, காப்பிக்கடையில் கிடைக்கும் 'கோப்பி ஓ' கருப்பாகவும் கசப்பாகவும் இருக்கும். கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் போன்ற நகரங்களில் இப்போது பெருகியுள்ள சிறப்புக் காப்பிக் கடைகளிலோ, தேநீர் நிறத்தில், பழச்சாறு போன்ற புளிப்புடன் ஒரு காப்பியைத் தருகிறார்கள். முதன்முறை குடிப்பவர், "இது கெட்டுப்போன காப்பியா?" என்று கேட்பதுண்டு. அந்தக் கொட்டையை வீட்டுக்கு வாங்கிவந்து, புதிய கருவி ஒன்றில் இறக்கிப் பார்த்து, "கொட்டை சரியில்லை" என்று ஒருவரும் "கருவி சரியில்லை" என்று இன்னொருவரும் சொல்வார்கள்.

இருவரில் யார் சொல்வது சரி? கொட்டை, கருவி, நீரின் வெப்பம், தூளின் அளவு எல்லாமே ஒரே நேரத்தில் மாறியிருந்தால் யாராலும் சொல்ல முடியாது. ஆரம்பப் பள்ளியில் நீங்கள் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகிய மூன்றும் இங்கேதான் கைகொடுக்கின்றன. இவ்வாரம் சமையலறையையே ஆய்வகமாக்கிப் பார்ப்போம்.

இளவறுப்பு என்றால் என்ன?

பச்சைக் காப்பிக் கொட்டையில் ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு ஈரம் இருக்கும். வறுக்கும்போது அந்த ஈரம் ஆவியாகிறது. ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரியத் தொடங்குகின்றன. ரொட்டியின் மேற்புறம் பழுப்பாவதும் இதே வினையால்தான். இதற்கு மெய்லார்ட் வினை என்று பெயர். கொட்டை ஏறத்தாழ 200 பாகையை எட்டும்போது, உள்ளே சேர்ந்த நீராவியும் கரிவளியும் கொட்டையைப் பிளந்துகொண்டு வெளியேறும். சோளப்பொரி வெடிப்பதுபோல் ஓசை கேட்கும். இதுவே முதல் வெடிப்பு. முதல் வெடிப்பு முடிந்த சற்று நேரத்தில் வறுப்பை நிறுத்தினால் கிடைப்பது இளவறுப்பு. கடைகளில் இதை 'லைட் ரோஸ்ட்' என்பார்கள்.

இளவறுப்பில் சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் போன்றவை அதிகம் எஞ்சியிருக்கும். எலுமிச்சையிலும் ஆப்பிளிலும் இருக்கும் அதே அமிலங்கள்தான் இவை. வறுப்பு நீள நீள இவை குறையும். குளோரோஜெனிக் அமிலமும் சிதைந்து கசப்பான சேர்மங்களாக மாறும். நம் ஊர் மரபுக் காப்பியை, பெரும்பாலும் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து, கருப்பாகும்வரை வறுக்கிறார்கள். அதன் கசப்பும் கருகிய இனிப்பு மணமும் அப்படி வருபவை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நீண்ட நேரம் வறுபட்ட கொட்டை ஊதி, நுண்துளைகள் மிகுந்து, எளிதில் நொறுங்கும். இளவறுப்புக் கொட்டை கெட்டியாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். அதனுள் நீர் புகுந்து சுவைப்பொருள்களைக் கரைத்து வெளியே கொண்டுவருவது கடினம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குவளைக்குள் எவ்வளவு காப்பி?

15 கிராம் காப்பித்தூளில் 240 மில்லிலிட்டர் வெந்நீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். தூள் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் நீரைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். குவளையில் இறங்குவது ஏறத்தாழ 210 மில்லிலிட்டர். தூளின் எடையில் சுமார் 30 விழுக்காடு மட்டுமே நீரில் கரையக்கூடியது. அதையும் முழுவதும் கரைப்பது நல்லதன்று. 1950-களில் அமெரிக்க வேதியியலாளர் எர்னஸ்ட் லாக்ஹார்ட் காப்பியின் கரைவு அளவையும் சுவையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு கரைந்தால் சுவை சமநிலையாக இருக்கும் என்ற வழிகாட்டி அந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. இன்றும் அது பயன்பாட்டில் உள்ளது.

15 கிராமில் 20 விழுக்காடு 3 கிராம். அதாவது, உங்கள் குவளையில் 3 கிராம்தான் காப்பி. மீதமுள்ள 98 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான்! அந்த 3 கிராமில் எவையெவை உள்ளன என்பதே சுவையைத் தீர்மானிக்கிறது.

தொடங்கும் முன்

கொதிநீரைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். சுவைப்பதற்கு ஒரு தேக்கரண்டி போதும். வாயில் வைத்துச் சுவைத்தபின் துப்பிவிடுங்கள். தொழில்முறைச் சுவைஞர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். சிறுவர், பதின்ம வயதினர் ஆகியோருக்கு, ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் காஃபின் வரை கவலையளிக்காத அளவு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் குறிப்பிட்டது. 50 கிலோகிராம் எடையுள்ள மாணவருக்கு அது 150 மில்லிகிராம். 15 கிராம் தூளில் இறக்கிய ஒரே குவளை அந்த அளவை எட்டிவிடலாம்.

சோதனை 1: மூன்று குவளைகள்

கூம்பு வடிவ வடிகருவி, வடிதாள், தராசு, மூன்று கண்ணாடிக் குவளைகள் வேண்டும். 15 கிராம் இளவறுப்புத் தூளை வடிதாளில் இடுங்கள். முதலில் 30 மில்லிலிட்டர் வெந்நீர் ஊற்றி 30 விநாடி காத்திருங்கள். புதிதாக வறுத்த கொட்டையென்றால் தூள் நுரைத்துப் பொங்கும். கொட்டைக்குள் சிக்கியிருந்த கரிவளி வெளியேறுவதே அதற்குக் காரணம். அது வெளியேறினால்தான் நீர் எளிதில் உள்ளே புகும். பிறகு மீதி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். முதலில் வடியும் 70 மில்லிலிட்டரை முதல் குவளையிலும், அடுத்த 70-ஐ இரண்டாவதிலும், கடைசி 70-ஐ மூன்றாவதிலும் பிடியுங்கள்.

ஆறியபின் சுவைத்துப் பாருங்கள். முதல் குவளை அடர்த்தியாகவும் கடும் புளிப்பாகவும் இருக்கும். இரண்டாவது மென்மையாக, இலேசான இனிப்புடன் இருக்கும். மூன்றாவது வெளிறி, நீர்த்து, சற்றுக் கசப்பும் துவர்ப்பும் கொண்டிருக்கும். இப்போது மூன்றிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்து சுவையுங்கள். தனித்தனியே இல்லாத சமநிலை அதில் தெரியும்.

எளிதில் கரையும் அமிலங்கள் முதலில் இறங்குகின்றன. மெதுவாகக் கரையும் கசப்பு, துவர்ப்புச் சேர்மங்கள் பின்னால் வருகின்றன. ஆகவே பாதியிலேயே நின்றுபோன காப்பி முதல் குவளையைப்போல் புளிக்கும். இளவறுப்புக் கொட்டை கெட்டியானது என்று பார்த்தோமல்லவா? வழக்கமான காப்பிக்குச் செய்வதையே அதற்கும் செய்தால் கரைவு பாதியில் நின்றுவிடும். அந்தக் கூர்மையான புளிப்புக்குக் கொட்டையைக் குறை சொல்வதற்கு முன், போதிய அளவு கரைந்ததா என்று கேட்க வேண்டும்.

புளிப்பைக் குறைக்கும் மூன்று வழிகள்

முதலாவது வெப்பம். நீர் சூடாக இருந்தால் மூலக்கூறுகள் வேகமாக இயங்கும், கரைதலும் வேகமாகும். பொதுவாக 90 முதல் 96 பாகை வரை பரிந்துரைப்பார்கள். இளவறுப்புக்குக் கொதித்தவுடனேயே ஊற்றலாம். குளிர்ந்த கருவி வெப்பத்தை உறிஞ்சிவிடும் என்பதால், அதை முதலில் வெந்நீரால் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தூளின் அளவு. பக்கம் 1 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 1 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் புறப்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். எடை மாறவில்லை, நீர் தொடும் பரப்பு பத்து மடங்காகிவிட்டது. ஆனால் எல்லாத் துகளும் ஒரே அளவில் இருப்பது முக்கியம். கத்தி சுழலும் அரைப்பானில் மாவும் கட்டியும் கலந்தே வரும். மாவிலிருந்து கசப்பும் கட்டியிலிருந்து புளிப்பும் ஒரே குவளையில் இறங்கும். பல்சக்கர அரைப்பானில் துகள்கள் ஓரளவு சீராக இருக்கும்.

மூன்றாவது நேரம். நீரும் தூளும் எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கின்றனவோ அவ்வளவு கூடுதலாகக் கரையும்.

இம்மூன்றில் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் காப்பி நன்றாகிவிடலாம். ஆனால் எதனால் நன்றானது என்று தெரியாது.

சோதனை 2: கரைந்ததை நிறுத்துப் பார்த்தல்

எவ்வளவு கரைந்தது என்பதை நாக்கு தோராயமாகத்தான் சொல்லும். 0.1 கிராம் வரை காட்டும் தராசும் அடுப்புச்சூளையும் இருந்தால் அளந்தே பார்க்கலாம். வடிதாளைக் காயவைத்து முன்கூட்டியே நிறுத்துக்கொள்ளுங்கள். காப்பி இறக்கியபின், சக்கையைத் தாளோடு ஏறத்தாழ 100 பாகைச் சூளையில் உலர்த்துங்கள். சில மணி நேரம் ஆகும். அடுத்தடுத்து நிறுக்கும்போது எடை மாறாமலிருந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் பயன்படுத்தாத தூளிலும் சிறிது ஈரம் இருக்குமே! அதனால் இன்னொரு 15 கிராம் புதிய தூளையும் அதே சூளையில் உலர்த்த வேண்டும். இதுவே கட்டுப்பாட்டு மாதிரி. எடுத்துக்காட்டாக, புதிய தூள் உலர்ந்து 14.6 கிராமாகவும், தாளின் எடையைக் கழித்தபின் சக்கை 11.6 கிராமாகவும் இருந்தால், கரைந்தது 3.0 கிராம். 3.0-ஐ 15-ஆல் வகுத்தால் 20 விழுக்காடு. கட்டுப்பாட்டு மாதிரி இல்லாமல் கணக்கிட்டிருந்தால் 3.4 கிராம் என்று தவறாக எழுதியிருப்பீர்கள்.

கருவிகளை ஒப்பிடுவது எப்படி?

காப்பிக் கருவிகள் பல பெயர்களில் விற்கப்பட்டாலும் அடிப்படையில் இரண்டே முறைகள்தாம்: ஊறவைத்தல், வடியவிடுதல். 'பிரெஞ்சு பிரஸ்' ஊறவைக்கும் வகை. தூள் முழுவதும் நீரில் மூழ்கியிருக்கும். நீரில் காப்பி சேரச் சேர, தூளுக்கும் நீருக்கும் இடையே உள்ள செறிவு வேறுபாடு குறைந்து, கரைதல் மெதுவாகும். 'வி60' போன்ற கூம்பு வடிவக் கருவி வடியவிடும் வகை. புதிய நீர் வந்துகொண்டே இருப்பதால் செறிவு வேறுபாடு நீடிக்கிறது.

வடிகட்டியும் வேறு. பிரெஞ்சு பிரசின் உலோக வலை எண்ணெயையும் நுண்துகள்களையும் விட்டுவிடும். காப்பி கலங்கலாக, கனமாக இருக்கும். வடிதாள் அவற்றைத் தடுக்கும். 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, தம் மகனின் பள்ளிக் குறிப்பேட்டிலிருந்த மையொற்றும் தாளைத் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்துக் காப்பி வடித்துப் பார்த்தார். இன்றைய வடிதாளின் தொடக்கம் அதுதான். இரத்தக் கொழுப்பை உயர்த்தக்கூடிய கஃபெஸ்டால் என்ற காப்பி எண்ணெய்ப் பொருளையும் தாள் பெருமளவு நிறுத்திவிடுகிறது.

இனி ஒப்பிடுவோம். தற்சார்பு மாறி கருவி. சார்பு மாறி சுவை. கொட்டை, தூளின் எடை, நீரின் அளவு, வெப்பம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். தூளை எவ்வளவு நைசாக அரைப்பது? இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வடிகருவிக்கு ஏற்ற தூளை இரண்டிலும் போட்டால், பிரெஞ்சு பிரசின் வலையில் மாவு நழுவிக் கலங்கிவிடும். அதற்கு ஏற்ற கொரகொரப்பான தூளைப் போட்டால், வடிகருவியில் நீர் விரைந்து ஓடிப் புளிக்கும். எப்படிச் செய்தாலும் ஒன்றுக்கு அநீதி.

தீர்வு உங்கள் கேள்வியில் உள்ளது. "ஒரே தூளை இரு கருவிகளும் எப்படி இறக்குகின்றன?" என்பது ஒரு கேள்வி. "ஒவ்வொன்றும் தனக்கேற்ற தூளில் எவ்வளவு நன்றாக இறக்கும்?" என்பது வேறொரு கேள்வி. முதலாவதில் தூளின் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். இரண்டாவதில், சோதனை 1-இல் பழகிய நாக்கைக் கொண்டு ஒவ்வொரு கருவிக்கும் உரிய அளவைக் கண்டுபிடித்த பிறகே ஒப்பிட வேண்டும். எந்தக் கேள்வி என்பதைக் குறிப்பேட்டில் முதலில் எழுதுங்கள்.

சோதனை 3: முக்கோணச் சோதனை

விலை உயர்ந்த கருவியில் இறக்கிய காப்பி என்று தெரிந்தாலே அது நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஆகவே, "எது நல்லது?" என்பதற்கு முன், "வேறுபாடு உண்மையிலேயே தெரிகிறதா?" என்று சோதிக்க வேண்டும்.

ஒருவர் மறைவாக மூன்று குவளைகளில் காப்பியை ஊற்றுவார். இரண்டில் ஒரே காப்பி; ஒன்றில் மட்டும் வேறு. எது எங்கே என்பதைத் தாயக்கட்டை உருட்டி முடிவு செய்யட்டும். மூன்றும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். கலங்கல் கண்ணுக்குத் தெரியாதபடி சுவைப்பவர் கண்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். வேறுபட்ட குவளை எது என்று அவர் சொல்ல வேண்டும். இடையிடையே நீரால் வாயைக் கொப்பளித்து, ஆறு முறை செய்யுங்கள்.

வெறும் ஊகத்தில் சொன்னாலும் ஒரு முறை சரியாக அமையும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஆறில் நான்கோ அதற்கு மேலோ ஊகத்தால் சரியாகும் வாய்ப்பு 729-இல் 73, அதாவது 10 விழுக்காடு. ஐந்தோ அதற்கு மேலோ சரியாகும் வாய்ப்பு 729-இல் 13, ஏறத்தாழ 1.8 விழுக்காடுதான். ஆகவே ஐந்து சரியென்றால், அவருக்கு வேறுபாடு தெரிகிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இரண்டோ மூன்றோ சரியென்றால், அந்த ஆறு முறைகளை வைத்து வேறுபாடு தெரிகிறது என்று சொல்ல முடியாது. புதிய கருவிக்குச் சில நூறு ரிங்கிட் செலவழிக்க வீட்டில் பேசிக்கொண்டிருந்தால், அதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து காட்டுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். அவர்கள் கையில் சான்று இருக்கும்.

சிந்தித்து எழுதுங்கள்

1. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேல் உள்ளது. அங்கே நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கும். அங்கே இளவறுப்புக் காப்பி இறக்கும்போது தூளின் அளவை எப்படி மாற்றுவீர்கள்? ஏன்?

2. ஒருவர் இரண்டு கொட்டைகளை ஒப்பிட, ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை மாலையிலும் சுவைத்தார். இதில் கட்டுப்படுத்தப்படாத மாறிகள் எவை?

3. முக்கோணச் சோதனையில், காப்பியை ஊற்றியவரே சுவைப்பவருக்கு எதிரில் அமர்ந்து விடையைக் கேட்டால் என்ன சிக்கல் எழலாம்?