தூரக் கணக்கு வேறு, நேரக் கணக்கு வேறு



திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குச் சரக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், நம்மில் பலரும் "ஒரு மணி நேரம்" என்போம். தூரம் 40 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அது வண்டி ஓடும் நேரம். சரக்கு நம் கடைக்கு வந்து சேரும் நேரம் அன்று.

முதலில் தூரக் கடலிலிருந்து ஓர் உதாரணம் பார்ப்போம். நாம் விற்கும் துவரம்பருப்பில் ஒரு பங்கு ஆப்பிரிக்கத் துவரையில் உடைப்பது. மலாவி நாட்டிலிருந்து ஆண்டுக்கு 50,000 டன் துவரை வாங்க இந்திய அரசு 2021இல் ஒப்பந்தம் செய்தது. அந்த நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. அங்குள்ள பிளான்டயர் நகரிலிருந்து பக்கத்து நாடான மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகம் ஆகாய மார்க்கமாக நேர்கோட்டில் சுமார் 450 கி.மீ. விமானத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். லாரிக்கோ சாலை சுற்றிச் செல்வதால் தூரமே கூடிவிடுகிறது. எல்லையில் சோதனை, துறைமுகத்தில் காத்திருப்பு, அதன்பின் கப்பல் என நாட்கணக்கு ஆகிறது.

நம் ஊர்க் கணக்கும் இதேதான். மூட்டை ஏற்ற 2 மணி, எடைமேடையில் அரை மணி, ஓட்டம் 1 மணி, இறக்க ஒன்றரை மணி. ஆக 5 மணி நேரம். அதாவது ஒரு பகல் போய்விடும்.

இதை நாங்கள் நஷ்டப்பட்டே கற்றோம். 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. மறுநாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. விழுப்புரத்துக்கு அப்பால் அரசூரில் நெடுஞ்சாலையும் மூழ்கியது. பக்கத்து ஊர்தானே என்று கிடங்கில் இருப்பைக் குறைத்து வைத்திருந்தோம். எங்கள் சரக்கு இரண்டு நாள் திண்டிவனத்திலேயே நின்றது. பல ஆண்டுகளாக எங்களிடமே வாங்கும் கிராமத்துக் கடைக்காரர் ஒருவர், "திண்டிவனம் என்ன சீமையிலா இருக்கு, முதலாளி?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார். வெள்ளத்தில் சமைக்க வழியின்றி இருந்த ஊருக்கு அவர் பருப்பு கொண்டுபோக வந்தவர். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று முதல் நாங்கள் கடைப்பிடிக்கும் கணக்கு இது: ஒரு நாள் விற்பனையைச் சரக்கு வந்து சேரும் நாட்களால் பெருக்குங்கள். அத்துடன் இரண்டு நாள் விற்பனையைக் கையிருப்பாகக் கூட்டுங்கள். தினம் 3 மூட்டை விற்று, சரக்கு வர 2 நாள் ஆனால் 6 மூட்டை, கையிருப்பு 6, ஆக 12. இருப்பு 12 மூட்டைக்கு இறங்கியதும் ஆர்டர் போட்டுவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் கையிருப்பை நான்கு நாளாக்குவது நலம்.

இ-வே பில்லிலும் இதே கவனம் தேவை. அதில் குறிப்பது சாலைத் தூரம். 200 கி.மீ. வரை ஒரு நாள் செல்லும். வண்டி வழியில் மாட்டிக்கொண்டால், காலாவதிக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம். அதைத் தவறவிட்டால் அபராதத்துக்கு வழி வைத்தவர்கள் ஆவோம்.

இன்றே உங்கள் கொள்முதல் நோட்டில் ஒவ்வொரு ஊருக்கும் எதிரே கிலோமீட்டரை எழுதாமல், சரக்கு வந்து சேர்ந்த நாட்களை எழுதத் தொடங்குங்கள்.