மே மாதத்தில் ஆள் தேடும் கம்பெனிகள்

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குள் எட்டிப் பார்த்தால் ஆளில்லாத தையல் மெஷின்கள் கண்ணில் படும். திருவிழா முடிந்ததும் கல்யாண முகூர்த்தங்கள் வந்துவிடும். ஐரோப்பாவின் குளிர்கால விற்பனைக்குப் போக வேண்டிய ஷூக்களைத் தைத்து முடிக்க வேண்டிய மாதங்களும் இவைதான். ஆர்டர் கையில் இருக்கிறது, ஆள் ஊருக்குப் போயிருக்கிறார். தேர்வு முடிந்து ஜூன் நடுப்பகுதி வரை வீட்டில் இருக்கப்போகும் கல்லூரி மாணவருக்கு வேலை கிடைக்கிற இடைவெளி இதுதான்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்த ஊர்களும் மூன்று மாவட்டங்களுக்குப் போய்விட்டன. தோல் தொழில் மட்டும் பிரியவில்லை. இந்தியாவின் தோல் பொருள் ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் தமிழகத்திலிருந்து போகிறது. அதில் பெரும்பங்கு பாலாற்றங்கரையின் இந்த ஊர்களுக்கு உண்டு. இங்கே படித்துக்கொண்டே "வேலைக்குச் சென்னைக்குத்தான் போகணும்" என்று நினைக்கும் மாணவர்கள் இருப்பது ஆச்சரியம்தான்.

பேரணாம்பட்டு அருகே ஒரு கிராமத்திலிருந்து ஆம்பூருக்கு வந்து பி.காம். படித்த மாணவர் ஒருவரின் கதையைக் கேட்டால் வேலை எப்படிக் கிடைக்கிறது என்பது விளங்கும். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஃபைலில் பயோடேட்டாவைப் போட்டுக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த தெருவில், விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறும் அக்கா ஒருவர் விசாரித்தார்: "தம்பி, பேப்பரை யாருகிட்ட குடுத்த? வாட்ச்மேன்கிட்டயா? அவரு என்னப்பா பண்ணுவாரு. நாளைக்கு என்கூட பஸ்ல வா, சூப்பர்வைசர்கிட்ட நானே சொல்றேன்."

மறுநாள் சூப்பர்வைசர் பயோடேட்டாவைத் திறக்கவே இல்லை. "எத்தன நாளைக்கு வருவ?" என்ற ஒரே கேள்விதான். "காலேஜ் திறக்கிற வரைக்கும்ணா. நடுவுல லீவு போட மாட்டேன்" என்றார் மாணவர். நிரந்தரமாக வருவேன் என்று பொய் சொல்லாதது நல்லதாகப் போயிற்று. இரண்டு வாரத்தில் சொல்லாமல் நின்றுவிடும் ஹெல்பர்களால் சூப்பர்வைசர்கள் நொந்துபோயிருக்கிறார்கள். எந்தத் தேதிவரை வருவோம் என்று தெளிவாகச் சொல்லும் மாணவர்மேல் அவர்களுக்கு நம்பிக்கை வருகிறது.

அந்த அக்காவைப் போலவே உதவக்கூடியவர்கள் கல்லூரியின் பழைய மாணவர்கள். இந்தப் பகுதிக் கல்லூரிகளுக்கும் தோல் வியாபாரத்துக்கும் உறவு பழையது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் தொடங்கியது. அதை வளர்த்ததில் தோல் வணிகர்களின் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மேல்விஷாரத்தில் 1965-ல் வந்த கல்லூரி, சி. அப்துல் ஹக்கீம் என்ற தோல் வணிகரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆகவே கம்பெனிகளின் கணக்குப் பிரிவிலும் ஏற்றுமதிப் பிரிவிலும் நமக்கு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருப்பார்கள். துறைத் தலைவரிடம் கேட்டால் இரண்டு பெயராவது கிடைக்கும். ஒரு சின்ன விஷயம்: வெள்ளிக்கிழமை மதியம் போய் நிற்க வேண்டாம். ஜும்ஆ தொழுகை நேரத்தில் பார்க்க வேண்டிய ஆள் இருக்கையில் இருக்க மாட்டார்.

அந்த மாணவருக்குக் கிடைத்தது பேக்கிங். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஷூவில் உள்ள ஆர்ட்டிகிள் நம்பர், நிறம், சைஸ் மூன்றும் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரோடு பொருந்த வேண்டும். பெட்டிகள் கார்ட்டனோடு பொருந்த வேண்டும். கார்ட்டன்கள் பேக்கிங் லிஸ்ட்டோடு பொருந்த வேண்டும். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் ஏழு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. பிரிட்டிஷ் அளவில் எட்டரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எண்ணைத்தான் படிக்க வேண்டும். இடது காலில் 41, வலது காலில் 42 என்று ஒரு ஜோடி ஹாம்பர்க் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து இழப்பீடு கேட்டு கிளெய்ம் வரும். ஆங்கிலத்தில் எழுதியதைப் பிழையில்லாமல் படிக்கவும் எண்களை ஒப்பிடவும் தெரிந்த பி.காம். மாணவர் இந்த இடத்தில் சீக்கிரமே தேவைப்படும் ஆளாகிவிடுகிறார். விடுமுறை முடியும் முன்பே அவரை ஏற்றுமதிப் பிரிவில் உட்காரவைத்து இன்வாய்ஸ் சரிபார்க்கச் சொன்னார்கள். வகுப்பில் வாசித்த ஷிப்பிங் பில்லை முதன்முறை கையில் தொட்டது அங்கேதான்.

கட்டிங், ஸ்கைவிங் (தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது), அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தையல், லாஸ்ட்டிங் (அதை அச்சில் இழுத்துப் பொருத்துவது) எல்லாம் மாதக்கணக்கில் கை பழக வேண்டிய வேலைகள். ஒரு கோடையில் அவற்றைக் கற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாணவருக்குப் பொருந்துபவை செக்கிங், பேக்கிங், ஸ்டோர் என்ட்ரி, சாம்பிள் ரூம் பதிவேடு போன்றவை. வேதியியல் படிப்பவர்கள் பரிசோதனைக் கூடங்களில் விசாரிக்கலாம். ஐரோப்பாவுக்குப் போகும் தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற விதி 2015 மே முதல் நடப்பில் இருப்பதால், சோதனை அறிக்கை கேட்காமல் வாங்குபவர்கள் குறைவு. மாதிரிக்குச் சீட்டு ஒட்டி, எடை போட்டு, குறித்து வைக்கக் கூடுதல் கை எப்போதும் தேவைப்படும்.

தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் ஆலை, வேறு உலகம். சுண்ணாம்புத் தொட்டி, டிரம், ரசாயனம், வழுக்கும் தரை. தோல் பதனிடுதல் அபாயகரமான தொழில்களின் பட்டியலில் இருப்பதால் 18 வயது நிரம்பாதவர்களை அதில் சேர்ப்பது சட்ட விரோதம். முதலாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்துப்போனார்கள். "கொஞ்ச நேரம்தான் தம்பி, தொட்டிக்குள்ள இறங்கிட்டு வந்துடு" என்று யார் சொன்னாலும், எவ்வளவு பணம் தருவதாகச் சொன்னாலும், மறுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். தொட்டிக்குள் தேங்கும் விஷவாயு இரண்டாவது மூச்சுக்கு இடம் கொடுக்காது.

வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைக்கும் வேலையும் மாணவிகளைத் தேடி வரும். ஆம்பூர்ப் பகுதியில் இப்படித் தைக்கும் பெண்களைப் பற்றி 2016-ல் சிவிடெப் உள்ளிட்ட தொழிலாளர் உரிமை அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, ஜோடிக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு சொற்பம் என்பதையும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் இல்லாததையும் பதிவு செய்தது. விரல் நோகும், கண் நோகும், சான்றிதழும் கிடைக்காது. கோடை வேலையாக அதை எடுப்பதில் பயனில்லை.

சம்பளம் பேசக் கூச்சப்படுவது நம் மாணவர்களின் பொதுக் குணம். நாள் கூலியா, பீஸ் ரேட்டா, கம்பெனி நேரடியாகத் தருகிறதா, கான்ட்ராக்டர் வழியாக வருகிறதா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். நாளுக்கு 400 ரூபாய் என்று பேசி, முழுத் தொகைக்கும் பிடித்தம் உண்டென்றால் பி.எஃப். 12 சதவீதம் 48 ரூபாய், ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 3 ரூபாய் போய் 349 கையில் வரும். பி.எஃப். பிடித்தால் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வைக்க வேண்டும். நாளை எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே எண்தான். எண் தராமல் பிடித்தம் மட்டும் செய்கிற கான்ட்ராக்டரிடம் மறுவாரம் போகாமல் இருப்பதே மேல். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம்.

கம்பெனியின் ஆர்டர் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதையும் விசாரிக்கலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்த ஒரே சந்தையை நம்பிய கம்பெனிகள் தடுமாறின. அப்படிப்பட்ட நேரத்தில் புது ஹெல்பரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

தோல் வாசனையே ஆகாது என்பவர்களுக்கு வேலூர் இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எதிரே காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் பலகை மாட்டாத லாட்ஜைத் தேடத்தான் வேண்டும். வீட்டில் உருது பேசும் ஆம்பூர், வாணியம்பாடி மாணவர்கள் இந்தியில் சரளமாகப் பேசிவிடுவார்கள். லாட்ஜ் வரவேற்பு, மருந்துக் கடை, டிராவல்ஸ் கவுன்ட்டர் மூன்றிலும் அதற்கு மதிப்பு உண்டு. பயோடேட்டாவில் தட்டச்சு வேகத்தை எழுதுகிறவர்கள் இந்த மொழியறிவை எழுதாமல் விடுகிறார்கள்.

மத்திய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை நம்பிக் காத்திருந்தவர்களும் உண்டு. 2024 அக்டோபரில் அது தொடங்கியபோது, முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்பது விதியாக இருந்தது. படிக்கும்போதே பயன்படுவது பாடத்திட்டத்தில் உள்ள இன்டர்ன்ஷிப்தான். இரண்டாமாண்டு கோடையில் பயிற்சி முடித்தால் மதிப்பெண் தரும் படிப்புகள் பல இருக்கின்றன. சம்பளத்துக்குச் செய்த வேலையையே பயிற்சியாக ஏற்பார்களா என்று துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வேலையின் கடைசி நாளில், தேதிகளும் பிரிவின் பெயரும் குறித்த கடிதத்தைக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் சீலோடு வாங்கிவிடுங்கள். ஜூலையில் போய்க் கேட்டால் சூப்பர்வைசர் மாறியிருப்பார்.

சேரும்போது கம்பெனி கேட்பது ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக், இரண்டு புகைப்படம், கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ். முதல் மூன்றும் வீட்டில் இருக்கும். விடுமுறை விட்டபின் கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். எனவே ஏப்ரலில் ஹால் டிக்கெட் வாங்கப் போகும் அன்றே போனஃபைடுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.