கோடையில் கோழிகளுக்குக் குடிஜலம்

குளிர் தேசங்களில் கோழிகளின் குடிஜலம் உறைந்துபோகாமற் காப்பதே கவலை. அருள்புரம், பல்லடம் பக்கங்களிலோ சித்திரை வெயிலில் ஜலம் சுடுகின்றது. இரண்டிடத்தும் கோழி தாகத்தால் வருந்துகிறது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அது வாய்திறந்து இரைத்தே உடலின் உஷ்ணத்தை வெளியேற்றுகிறது; அதனால் உடலின் ஈரம் குறைகின்றது. சாதாரண நாளில் தீனியின் எடையைப்போல் சுமார் 2 மடங்கு ஜலம் குடிக்கும் கோழிக்குக் கடுங்கோடையில் இன்னும் அதிகம் வேண்டும். ஜலம் சூடேறினால் குடிப்பது குறையும்; தீனியும் முட்டையும் குறையும்; உஷ்ணம் மிகுந்த பிற்பகலில் உயிரும் போகும்.

ஆதலின் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. தொட்டியையும் குழாயையும் நிழலில் அமைக்க.
2. சில கோழிகளே வளர்ப்போர் மண்பாத்திரம் வைக்க. ஜலம் கசிந்து ஆவியாவதால் குளிரும்.
3. முற்பகலிலும் நடுப்பகலிலும் பழைய ஜலத்தை நீக்கிப் புதிது வார்க்க.
4. சாயக்கழிவால் கிணறுகள் உப்பேறிய பகுதியாதலின், ஜலத்தைப் பரீட்சித்த பின்னரே கொடுக்க.

செலவு சொற்பம், காப்பது முதல்.