இந்தியா பேல் ஏல்: சுவைத்து மதிப்பிடும் முறை

உணவுப் பண்டங்களின் தரத்தை ஆராய்வதற்கு இன்று நுட்பமான கருவிகள் பல இருக்கின்றன. ஆயினும் தேயிலை, காப்பி, நெய், அரிசி முதலியவற்றின் தரத்தை இறுதியில் தீர்மானிப்பவை மனிதனுடைய மூக்கும் நாவுமே. இவை மிக நுண்ணிய கருவிகள். எளிதில் ஏமாறக்கூடியவையும் ஆகும். இவற்றை ஒழுங்குபடுத்திப் பயன்படுத்தும் முறையை விளக்குவதற்கு 'இந்தியா பேல் ஏல்' என்னும் பீர் வகை தக்கதோர் எடுத்துக்காட்டு. கசப்பு, நறுமணம், மால்ட்டின் இனிப்பு, ஆல்கஹாலின் காரம் ஆகிய யாவும் இதில் வலுவாக அமைந்திருப்பதால், சுவைப்பவருடைய திறமையும் பிழையும் விரைவில் வெளிப்பட்டுவிடுகின்றன.

பெயரின் வரலாறு

இந்தியாவின் பெயரைத் தாங்கிய இப்பானம் இந்தியாவில் பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனுக்குக் கிழக்கேயுள்ள போ என்னுமிடத்தில் ஹாட்ஸன் என்பவரின் பீர்த் தொழிற்சாலை இயங்கி வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற துறைக்கு அஃது அணித்தாயிருந்தது. கப்பல் தலைவர்கள் அங்கு நீண்ட தவணைக் கடனில் பீர் வாங்கிக் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய இடங்களில் விற்றனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் பயணம் பல மாதங்கள் நீடித்தது. பூமத்திய ரேகையை இருமுறை கடக்கவேண்டியிருந்தது. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூடுதலாகச் சேர்க்கவேண்டும் என்பது 1760-களிலேயே அத்தொழிலில் அறியப்பட்டிருந்த செய்தியாகும். 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆல்ஸாப், பாஸ் முதலிய நிறுவனங்கள் இவ்வணிகத்தில் இறங்கி ஹாட்ஸனைப் பின்தள்ளின. பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்ஸம், அதாவது கால்சியம் சல்பேட்டு, மிகுதி. அந்நீரில் காய்ச்சிய பீரின் கசப்பு தெளிவாகவும் வறண்டதாகவும் இருந்தது.

இவ்வகைப் பீர் மட்டுமே கடற்பயணத்தைத் தாங்கியது என்றும், படைவீரர்களுக்காகவே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்றும் நூல்கள் சிலவற்றில் காணப்படும் கூற்றுகள் சரியல்ல. கரிய நிறமுள்ள போர்ட்டர் என்னும் பீரும் ஏராளமாக இந்தியாவுக்கு வந்தது. சாதாரணச் சிப்பாய்கள் பெரும்பாலும் அருந்தியது அதனையே. பேல் ஏல் அதிகாரிகளுடைய மேசைக்குரியதாயிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மங்கிக்கிடந்த இவ்வகைக்குப் புத்துயிரளித்தவர்கள் அமெரிக்காவின் சிறு உற்பத்தியாளர்கள். அமெரிக்க விவசாய இலாகாவின் ஆராய்ச்சியில் உருவாகி 1972-ல் வெளியிடப்பட்ட 'காஸ்கேட்' என்னும் ஹாப்ஸ் இனம், பம்பளிமாஸை ஒத்த மணத்தை இப்பானத்துக்கு அளித்தது. இன்று 'கைவினைப் பீர்' எனப்படுவதன் முதன்மையான வகையாக அது உலகெங்கும் பரவியிருக்கிறது. புனே, பெங்களூரு முதலிய நகரங்களிலும் சிறு ஆலைகள் இதனைத் தயாரிக்கின்றன. ஹாப்ஸ் கொடி குளிர்ந்த பிரதேசங்களில் வளர்வது. நம் நாட்டில் ஹிமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் அது பயிரிடப்பட்டதுண்டு.

கசப்பும் மணமும் தோன்றும் விதம்

ஹாப்ஸின் பெண் பூங்கொத்துகளில் மஞ்சள் நிறத் துகள் போன்ற சுரப்பிகள் உள்ளன. அவற்றில் ஆல்பா அமிலங்கள் என்னும் பிசின்களும், விரைவில் ஆவியாகும் நறுமண எண்ணெய்களும் அடங்கியிருக்கின்றன. முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்தெடுத்த இனிப்பு நீரில் பூவையிட்டுக் கொதிக்கவைத்தால், ஆல்பா அமிலங்கள் அணு அமைப்பு மாறி ஐஸோ-ஆல்பா அமிலங்களாகின்றன. பீரின் கசப்பு பெரும்பாலும் இவற்றாலேயே ஏற்படுகிறது. நெடுநேரம் கொதித்தால் கசப்பு மிகும். ஆனால் நறுமண எண்ணெய்கள் ஆவியுடன் வெளியேறிவிடும். ஆகவே கசப்புக்கென ஒரு பங்கு பூவைத் தொடக்கத்திலும், மணத்துக்கென மற்றொரு பங்கை இறுதியிலும் இடுகின்றனர். நொதித்தல் முடிந்து ஆறிய பீரில் பூவை ஊறவைப்பதும் உண்டு.

கசப்பை அளக்கும் முறை வருமாறு: அமிலம் சேர்த்த பீரை ஐஸோ-ஆக்டேன் திரவத்துடன் குலுக்கிக் கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்து, 275 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை அத்திரவம் எவ்வளவு உட்கவர்கிறது என்று பார்க்கவேண்டும். அவ்வெண்ணை 50-ஆல் பெருக்கினால் கசப்பு அலகு கிடைக்கும். மென்மையான லாகர் வகைகளில் இது 8 முதல் 18 வரையிலும், அமெரிக்க இந்தியா பேல் ஏலில் 40 முதல் 70 வரையிலும் இருப்பது வழக்கம். ஆயினும் ஒரே அலகுள்ள இரண்டு பீர்கள் நாவில் ஒரே அளவு கசப்பதில்லை. எஞ்சிய சர்க்கரை மிகுந்ததில் கசப்பு அடங்கியும், சர்க்கரை குன்றி நீரில் சல்பேட்டு மிகுந்ததில் அது கூர்மையாகவும் தோன்றும். கருவி தரும் எண்ணுடன் நின்றுவிடாமல் மனிதர்களை மேசைமுன் அமர்த்துவதற்குக் காரணம் இதுவே.

மேசையின் முன்

மதிப்பீட்டுக்குரிய அறையில் சமையல் வாசனை, ஊதுவத்திப் புகை, புதுச்சாயத்தின் நெடி ஆகியவை இருத்தலாகாது. மதிப்பிடுபவர் வாசனைத் தைலம் பூசியிருத்தலும், சிறிது நேரத்துக்கு முன் புகைபிடித்திருத்தலும் பிழைக்கு இடமாகும். கண்ணாடித் தம்ளர் தெளிந்ததாகவும், எண்ணெய்ப் பசையோ சோப்பின் எச்சமோ அற்றதாகவும் இருக்கவேண்டும். இல்லாவிடின் நுரை உடனே அடங்கிவிடும், குற்றம் பீரின்மேல் விழும். உஷ்ணநிலை ஏறக்குறைய 7 முதல் 10 டிகிரி சென்டிகிரேடு வரை இருப்பது நலம். பனிக்கட்டிபோல் குளிர்ந்த பீரில் நன்மணமும் தோன்றாது, தீய மணமும் தோன்றாது. மோசமான சரக்கை மிகக் குளிரவைத்து விற்கும் வியாபாரிக்கு இவ்வுண்மை நெடுங்காலமாகத் தெரியும்.

பீரை வார்த்தவுடன் முதலில் முகர்ந்து பார்த்தல் வேண்டும். எளிதில் ஆவியாகும் வாசனைகள், குறிப்பாகக் கந்தகம் சேர்ந்தவை, முதல் நிமிடத்துக்குள் மறைந்துவிடக்கூடும். பின்னர்த் தம்ளரை மெல்லச் சுழற்றி இரண்டாம் முறை முகரவேண்டும். அதன் பின்னரே நிறம், தெளிவு, நுரை ஆகியவற்றைக் காணுதல் முறை. இவ்வகைக்குப் பொன்னிறம் முதல் செம்பொன்னிறம் வரை பொருந்தும். பூவை ஊறவைத்ததால் தோன்றும் இலேசான மங்கல் குற்றமாகாது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் தோன்றிய ஓர் உட்பிரிவில் கலங்கிய தோற்றமே இலக்கணமாயிருப்பதால், எந்த வகையெனக் கூறி அனுப்பப்பட்டதோ அவ்வகையின் இலக்கணத்தை வைத்தே தீர்ப்பளிக்கவேண்டும்.

அடுத்து, ஒரு வாய் பீரை நா முழுவதும் படரவிட்டு விழுங்கி, வாயை மூடியபடி மூக்கின் வழியே மூச்சை வெளிவிடவேண்டும். நாம் 'சுவை' என்று கூறுவதில் பெரும்பகுதி அப்போது தொண்டையின் பின்புறமாக நாசிக்கேறும் மணமேயாகும். முதலில் மால்ட்டின் இனிப்பும் ரொட்டியை ஒத்த குணமும் தெரியும். கசப்பு சற்றுத் தாமதமாக எழுந்து நெடுநேரம் நிற்கும். விழுங்கிய பின் அரை நிமிடம் காத்திருந்து, அக்கசப்பு தூயதாக நிற்கின்றதா, அன்றித் துவர்ப்பாகவும் கரகரப்பாகவும் மாறுகின்றதா என்று கவனிப்பதிலேயே நல்ல ஏலும் சாதாரண ஏலும் வேறுபடும். கசப்பு ஒரு மாதிரியிலிருந்து மறு மாதிரிக்குத் தொடர்வதால், கசப்புக் குறைந்ததை முன்னும் மிகுந்ததைப் பின்னும் வைத்து, இடையில் நீரும் உப்பில்லாத பிஸ்கோத்தும் அளிப்பர்.

1985-ல் அமெரிக்காவில் தோன்றிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 புள்ளிகள் உள்ளன: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. கண்ணுக்கு இனிமையாயிருத்தலுக்கு மூன்றே புள்ளிகள் என்பது கவனிக்கற்பாலது. நடுவர்கள் தத்தம் தாளை எழுதி முடிக்கும்வரை பேசுதல் கூடாது. முகக்குறிப்பாலும் கருத்தைப் புலப்படுத்தலாகாது. மூத்தவர் ஒருவர் முகஞ்சுளித்தால், அருகிலிருப்பவர் தாம் உணராத குற்றத்தையும் உணர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்.

குற்றமும் அதன் காரணமும்

புள்ளியிடுவதைக் காட்டிலும் பொறுப்பான பணி குற்றத்தைச் சரியாகப் பெயரிடுவதாகும். உற்பத்தியாளர் அத்தாளைக் கொண்டே தம் அடுத்த காய்ச்சலை மாற்றியமைக்கிறார். ஓர் ஏலில் வெண்ணெய் மிட்டாயை ஒத்த மணம் இருக்குமாயின் அது டயசிடைல் என்னும் பொருளால் விளைந்தது. ஈஸ்ட் நொதிக்கும்போது இதன் மூலப்பொருளை வெளிவிடுகிறது. நொதித்தலின் முடிவில் சில நாட்கள் வெதுவெதுப்பாக விட்டுவைத்தால் ஈஸ்ட்டே டயசிடைலை மீண்டும் உட்கொண்டு அழித்துவிடும். வேறொன்றில் வேகவைத்த மக்காச்சோளத்தின் மணம் வீசுமாயின் அது டைமீதைல் சல்பைடு. வெளிர்நிற மால்ட்டில் உள்ள ஒரு பொருள் சூட்டில் சிதைந்து உண்டாவது. நன்றாகத் திறந்து, நீண்டநேரம் கொதிக்கவைத்தால் ஆவியுடன் போய்விடும். பயிற்சியற்றவர்க்கு இவ்விரண்டும் 'ஏதோ இனித்த வாசனை' என்றே படும். முதலாவதை இரண்டாவதென்று எழுதிவிட்டால், உற்பத்தியாளர் எரிபொருளைச் செலவிட்டு நெடுநேரம் கொதிக்கவைப்பார். கசப்பு மிகும், வெண்ணெய் வாசனையோ அப்படியே நிற்கும். ஒரு சிறு ஆலைக்கு இரண்டு காய்ச்சல்கள் வீணாதல் சிறிய நஷ்டமன்று.

இந்தியா பேல் ஏலைப் பொறுத்தவரை மிகப் பரவலான குற்றம் பழமையாகும். கப்பலில் பல மாதங்கள் பயணம் செய்ததாகப் பெயர்பெற்ற இப்பானத்தின் இன்றைய வடிவம், ஹாப்ஸின் புதுமணத்தையே நம்பியிருப்பதால், சில மாதங்களிலேயே பொலிவிழந்துவிடுகிறது. பழத்தின் மணம் மறைந்து, ஈரமான அட்டை, தேன் ஆகியவற்றின் வாசனை மேலோங்கும். பிராணவாயு சிறிதளவே புட்டியில் நுழைந்திருப்பினும், கோடையில் சூடான கிடங்கில் கிடந்தாலும் இது விரைவுபடும். குற்றம் ஆலையினுடையதா, கிடங்கினுடையதா என்று தம்ளரைக் கொண்டு மட்டும் கூறுதல் இயலாது. நேர்மையான நடுவர் 'பிராணவாயுவினால் விளைந்த பழமை' என்றெழுதி, புட்டியில் அடைத்தலையும் சேமிப்பையும் ஒருங்கே சோதிக்குமாறு கூறுவர். வெயிலில் வைத்த புட்டியில் தோன்றும் நாற்றம் வேறு. ஒளிபட்ட கசப்பு அமிலங்கள் சிதைந்து கந்தகம் சேர்ந்த ஒரு பொருளாகி, ஸ்கங்க் என்னும் அமெரிக்க விலங்கின் நாற்றத்தைத் தருகின்றன. பழுப்புநிறப் புட்டி இதனைப் பெரிதும் தடுக்கும். பச்சைப் புட்டி அவ்வளவாகத் தடுப்பதில்லை.

நாவைப் பற்றிய ஒரு தவறு

கசப்பு நாவின் அடிப்பகுதியில் மட்டுமே உணரப்படுகிறது என்று பாடப்புத்தகங்களில் படம் வரைந்து காட்டுவது நெடுநாளைய வழக்கம். 1901-ல் ஹேனிக் என்னும் ஜெர்மானியர், நாவின் பகுதிகளுக்கிடையே உணர்வில் சிறு வேறுபாடுகள் இருப்பதைக் கண்டார். 1942-ல் வெளியான போரிங் என்பாரின் நூலில் அச்சிறு வேறுபாடுகள் பெரியனவாகத் தோன்றும்படி வரைபடம் அமைந்தது. பிறர் அதனை எல்லைக்கோடுகளாகவே கொண்டுவிட்டனர். உண்மையில் சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடங்களிலும் எல்லா அடிப்படைச் சுவைகளும் உணரப்படுகின்றன. இப்படத்தை இன்னும் கரும்பலகையில் வரையும் ஆசிரியர்கள் அதனை நீக்கிவிடுதல் நலம்.

மனிதர்க்கு மனிதர் கசப்புணர்வு மாறுபடும் என்பதோ உண்மை. 1931-ல் பாக்ஸ் என்ற அமெரிக்க ரசாயனியின் ஆய்வுச்சாலையில் ஒரு தூள் காற்றில் பறந்தபோது, உடனிருந்தவர் மிகக் கசப்பதாகக் கூறினார். பாக்ஸுக்கோ ஒன்றும் தெரியவில்லை. அவ்வேறுபாடு பரம்பரையாக வருவதென்று பின்னர் அறியப்பட்டது. எனினும் மனிதனிடம் கசப்பை உணரும் ஏற்பிகள் சுமார் 25 வகைப்படும். ஹாப்ஸின் கசப்பை உணர்பவை வேறு வகையின. ஆதலால் பாக்ஸின் தூளைக் கொண்டு நடுவரைத் தேர்ந்தெடுக்க இயலாது.

முக்கோணச் சோதனை

ஒருவர் உண்மையாகவே வேறுபாட்டை உணர்கிறாரா, ஊகித்துக் கூறுகிறாரா என்பதைக் கண்டறிய 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர்த் தொழிற்சாலையினர் கையாண்ட முறை எளியது. மூன்று தம்ளர்களில் இரண்டில் ஒரே பானமும் ஒன்றில் வேறு பானமும் இருக்கும். மாறுபட்டது எதுவெனச் சுட்டவேண்டும். கண்மூடிச் சுட்டினாலும் மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும் என்பதை மறத்தலாகாது. 12 பேர் சோதித்தால், யாருக்கும் எதுவும் தெரியாத நிலையிலும் சராசரி 4 பேர் சரியாகச் சுட்டுவர். 7 பேரோ அதற்கு மேலோ தற்செயலாகச் சரியாகச் சுட்டக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு 6.6, 8 பேரோ அதற்கு மேலோ என்றால் அது நூற்றுக்கு 1.9 ஆகக் குறைகிறது. ஆகவே 12-ல் 8 பேர் சரியாகக் கூறினாலன்றி, வேறுபாடு உண்டென்று எழுதுதல் முறையன்று.

மதுவிலக்குள்ள குஜராத், பீகார் மாநிலங்களிலும், எங்கும் பள்ளி மாணவர் முன்னிலையிலும் பீர் பேச்சுக்கு உதாரணமாகலாமேயன்றிச் சோதனைப் பொருளாகலாகாது. வெந்தயம் ஊறிய கசப்பு நீர் இதற்குப் போதும். ஒரு லிட்டர் நீரை இரு பங்காக்கி, ஒன்றில் மற்றதைப்போல் இரு மடங்கு கசப்பு நீர் கலந்து, ஒரே நிறமுள்ள தம்ளர்களில் ஊற்றவேண்டும். அ, ஆ என்று குறியிட்டால் முதலெழுத்துடையதே சிறந்ததென்ற எண்ணம் எழும். 417, 862 போன்று ஒழுங்கற்ற மூவிலக்க எண்களையே இடுக. மாறுபட்ட தம்ளர் முதலிலும் நடுவிலும் முடிவிலும் சமமான தடவை வருமாறும், இருமுறை வைக்கப்படும் நீர் ஒரு பாதிப் பேருக்கு மென்மையானதாகவும் மறுபாதிக்குக் கடுமையானதாகவும் அமையுமாறும் பகிர்ந்தால் ஆறு வரிசைகள் கிடைக்கும். 12 மாணவர்க்கு ஒவ்வொரு வரிசையும் இருமுறை வரும். விடைகளை மாணவர் ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதித் தருதல் வேண்டும். வேறுபாடு எல்லாருக்கும் வெளிப்படையாகத் தெரிந்துவிட்டால் கடுமையான நீரில் சிறிது தண்ணீர் சேர்த்து, எட்டுப் பேருக்குக் குறைவாகச் சுட்டும்வரை சோதனையைத் திரும்பச் செய்யலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் பத்து நிமிடங்களாவது விடவேண்டும்.