வட்டம் ஏன் முட்டையாயிற்று?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எடுத்துக்கொண்ட கேள்வி இது: குழாயை எவ்வளவு சாய்வாகப் பிடித்தால் நீர் மிக அதிகத் தொலைவு பாயும்? பல கோணங்களில் நீரைப் பாய்ச்சி, வீட்டிலிருந்த பழைய கேமராவால் வீடியோ எடுத்திருந்தாள். அதைப் பவர்பாயிண்டில் சேர்த்துத் திரையில் காட்டினாள். நீர் அதிகத் தொலைவு பாய்ந்த இடத்தில் படத்தை நிறுத்தி, குழாயின் சாய்வைத் திரையின் மேலேயே பாகைமானி வைத்து அளந்தாள். 37 பாகை!

நீர் புறப்பட்ட மட்டத்திலேயே வந்து விழுமானால், காற்றின் தடை மிகக் குறைவாக இருக்கும்போது, விடை 45 பாகை அல்லவா? உடனிருந்த நடுவர், “சோதனை தவறு” என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். மாணவியின் முகம் வாடிவிட்டது.

அப்போதுதான் படத்தின் பின்புறத்தைக் கவனித்தேன். சுவரில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. அதன் சக்கரங்கள் வட்டமாக இல்லை. படுக்கவைத்த முட்டையைப் போல் இருந்தன! சோதனையில் தவறில்லை. வீடியோ தெரிந்த ஜன்னலில்தான் தவறு. அது என்ன தவறு? பார்ப்போம்.

அகலமும் உயரமும்

ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு பக்க விகிதம் உண்டு. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமே அது. பழைய தொலைக்காட்சிகளிலும் பழைய கேமராக்களிலும் இது 4:3. இந்த விகிதத்துக்கு வயது நூற்றுக்கும் மேல். 1890களில் எடிசனின் ஆய்வகத்தில் வில்லியம் டிக்சன் 35 மி.மீ. திரைப்படச் சுருளை உருவாக்கியபோதே ஏறத்தாழ இந்த அளவு அமைந்துவிட்டது. பின்னால் வந்த தொலைக்காட்சியும் அதையே ஏற்றுக்கொண்டது.

இன்றைய கணினித் திரைகளில் பெரும்பாலானவை 16:9. இது எங்கிருந்து வந்தது? 4:3 என்பது 1.33. அகலத்திரை சினிமா 2.35 வரை போகும். இவ்விரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள், ஏறத்தாழ 1.77 வரும். 16-ஐ 9-ஆல் வகுத்தால் 1.78. இரு கோடிகளுக்கும் நடுவே நிற்கும் இந்த விகிதத்தை 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியியலாளர் முன்வைத்தார்.

மூன்று வழிகள்

4:3 வீடியோவை 16:9 திரையில் காட்ட வேண்டும். திரையில் 1920 × 1080 படப்புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். நமக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, பொருத்துதல். உயரத்தை 1080 ஆக வைத்தால், அகலம் 1080 × 4/3 = 1440. மீதி 480. இடப்புறம் 240, வலப்புறம் 240 எனக் கறுப்புப் பட்டைகள் விழும். திரையில் கால் பங்கு வீண். ஆனால் படம் முழுமையாகவும் உண்மையாகவும் இருக்கும்.

இரண்டாம் வழி, வெட்டுதல். அகலத்தை 1920 ஆக்கினால், உயரம் 1440 ஆகும். திரையில் 1080-க்குத்தான் இடம். மேலே 180, கீழே 180 வெட்டுப்படும். திரை நிறையும், படத்தில் கால் பங்கு போய்விடும். வட்டம் வட்டமாகவே இருக்கும்.

மூன்றாம் வழி, இழுத்தல். உயரத்தைத் தொடாமல், 1440 அகலத்தை மட்டும் 1920 ஆக இழுப்பது. பட்டையும் இல்லை, வெட்டும் இல்லை. ஆனால் மூன்று புள்ளிகள் இருந்த இடத்தில் கணினி நான்கு புள்ளிகளை இட்டு நிரப்புகிறது. ஒவ்வொரு பொருளும் 4/3 மடங்கு அகன்றுவிடுகிறது. சைக்கிள் சக்கரம் நீள்வட்டமாகிறது. அந்த மாணவி செய்தது இதைத்தான். பட்டைகள் அழகாக இல்லையே என்று, ஜன்னலின் பக்கவாட்டுப் பிடியைப் பற்றித் திரையின் ஓரம் வரை இழுத்துவிட்டாள்.

கோணம் என்னவாயிற்று?

45 பாகை சாய்வில் 3 அங்குலம் பக்கவாட்டில் சென்றால் 3 அங்குலம் உயரவேண்டும். படத்தை இழுத்தபின் பக்கவாட்டு 3 அங்குலம் 4 அங்குலமாகிவிட்டது. உயரம் 3 அங்குலமே. எனவே டேன்ஜென்ட் மதிப்பு 3/4. அட்டவணையைப் பாருங்கள்: 36.87 பாகை, அதாவது ஏறத்தாழ 37!

எல்லாக் கோணங்களும் ஒரே அளவில் குறைவதில்லை என்பதையும் கவனியுங்கள். 60 பாகை 52 ஆகத் தெரியும். 30 பாகை 23 ஆகத் தெரியும். ஆனால் கிடைக்கோடு கிடைக்கோடாகவும், செங்குத்துக் கோடு செங்குத்தாகவுமே இருக்கும். அதனால்தான் கதவு, சன்னல், மேசை ஆகியவற்றை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பிழை எளிதில் தெரிவதில்லை. படத்தில் வட்டமான ஏதாவது ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இழுப்பதே முறையாகும் இடம்

அப்படியானால் படத்தை இழுப்பது எப்போதுமே தவறா? இல்லை. 1953-இல் ‘தி ரோப்’ என்ற படத்துடன் வந்த சினிமாஸ்கோப் முறையில், படம் பிடிக்கும்போதே ஒரு தனி லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதித்தது. திரையிடும்போது இன்னொரு லென்ஸ் அதை இருமடங்கு அகலப்படுத்தியது. நெருக்கிய அளவுக்கே விரித்ததால் வட்டம் மீண்டும் வட்டமானது. தமிழில் 1973-இல் வெளிவந்த முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ இம்முறையில் வந்ததே. நெருக்கப்படாத படத்தை விரிப்பதுதான் பிழை.

ஜன்னலைச் சரியாக அமைக்க

வீடியோவைச் சொடுக்கியதும் அதைச் சுற்றி எட்டுப் பிடிகள் தோன்றும். பக்கங்களில் உள்ள நான்கும் ஒரு திசையில் மட்டுமே இழுக்கும், அவற்றைத் தொடாதீர்கள். மூலைப் பிடியைப் பற்றி இழுங்கள். விகிதம் மாறாமலிருக்கச் சில மென்பொருள்களில் ஷிப்ட் விசையையும் அழுத்திக்கொள்ள வேண்டும். அளவுகளைக் காட்டும் பகுதியில் விகிதத்தைப் பூட்டிவைக்கும் கட்டம் ஒன்று இருக்கும். அதில் குறியிட்டு வையுங்கள். வி.எல்.சி.யில் பார்க்கும்போது ‘ஏ’ விசை பக்க விகிதத்தை மாற்றும். ‘சி’ விசை படத்தை வெட்டும். தெரியாமல் கை பட்டுவிட்டால், பழைய நிலை வரும் வரை அதே விசையை மீண்டும் மீண்டும் அழுத்துங்கள். புரொஜெக்டரிலும் விகிதத் தேர்வு உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய வீடியோவை அளவுக்கு மீறிப் பெரிதாக்குவதும் பயன் தராது. 640 × 480 வீடியோவில் 3,07,200 புள்ளிகளே உள்ளன. அதை 1920 × 1440 ஆக்கினால் ஒரு புள்ளியின் இடத்தை ஒன்பது புள்ளிகள் நிரப்பும். ஆனால் கேமரா பதியாத நுட்பம் ஒன்றும் புதிதாக வந்துவிடாது.

ஜன்னலைச் சுற்றியுள்ள பட்டைகள் கறுப்பாகவே இருக்கட்டும். வெண்மையான பின்புலம் இருண்ட காட்சியை மேலும் இருண்டதாகக் காட்டும். இங்கே இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கறுப்பு என்பது புரொஜெக்டர் அனுப்பும் நிறம் அன்று. அது ஒளி அனுப்பாமல் விட்ட இடம். வெயில் புகும் வகுப்பறையில் அந்த இடம் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். சன்னலைச் சாத்துங்கள், கறுப்பு தானே வந்துவிடும்.

மாணவியிடம் திரும்புவோம். படத்தைப் பழைய விகிதத்துக்குக் கொண்டுவந்தோம். கறுப்புப் பட்டைகள் திரும்பின, சக்கரங்கள் வட்டமாயின. அவளையே மறுபடி அளக்கச் சொன்னேன். பாகைமானி 45-ஐ ஒட்டி நின்றது. நடுவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவளுடைய நோட்டை வாங்கி முதலிலிருந்து படித்தார்.

செய்து பாருங்கள்

ஒரு நாணயத்தைச் சுவரில் ஒட்டி, கேமராவை அதற்கு நேர் எதிரே பிடித்துப் படம் எடுங்கள். கணினியில் காட்டி, அதன் அகலத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளந்து வகுத்துப் பாருங்கள். விடை 1 ஆனால் உங்கள் ஜன்னல் சரி. இனி நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு சோதனை வீடியோவிலும் ஓரத்தில் ஒரு நாணயமோ வட்டத் தட்டோ இருக்கட்டும்.

கேள்வி: செல்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த 1080 × 1920 வீடியோவை, 1920 × 1080 திரையில் வெட்டாமலும் இழுக்காமலும் காட்டினால், திரையின் எவ்வளவு பகுதி நிறையும்?

விடை: உயரம் 1080; அகலம் 1080 × 9/16 = 607.5. திரையில் ஏறத்தாழ 32 சதவீதமே நிறையும். அடுத்த முறை செல்பேசியைப் படுக்கவைத்துப் பிடியுங்கள்!